எங்க தொரகிட்ட நீங்க கேளுங்க

அக்காவுக்குக் கோபம் காலையிலேயே வந்துவிடும். விடியலில் பெரட்டுக் களத்தில் கங்காணியான மண்டோர் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது மற்றப் பெண்கள் "இருக்கேங்க" என்பார்கள். அக்கா, "நிக்கிறேன்ல, கண்ணு தெரியலயா" என்பார். மண்டோருக்கு அது பழகிப்போயிருந்தது. ஒரு நாள் அக்கா ஒன்றும் சொல்லாமல் நின்றபோது, "ஒடம்புக்கு என்னா?" என்று அவரே விசாரித்தாராம்.

இதைச் சொல்லிச் சொல்லி எஸ்டேட்டில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. கோபப்பட வேண்டிய காரியங்கள் எங்களைச் சுற்றி நிறைய நடந்தன. நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்கு அப்படி நிற்க வரவில்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்தால் எனக்கும் அந்தக் கோபம் வருகிறது.

மலேசியாவில் கோலா சாவா பக்கத்தில் இருந்தது எங்கள் எஸ்டேட். பாதி ரப்பர், பாதி புதிதாக நட்ட, எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அக்காவுடையது. முதுகில் டாங்கியை மாட்டிக்கொண்டு களைக்கு மருந்தடிப்பது அவர் வேலை. கையுறையும் கிடையாது, முகமூடியும் கிடையாது. ஒரு பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அவ்வளவுதான். விரல் நகங்கள் வெந்து கறுத்துப்போயிருந்தன. வேலை முடிந்து வந்ததும் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுத் தேய்ப்பார், தேய்த்துக்கொண்டே இருப்பார், அந்த வாடை போகாது. அவருடைய கணவர் ரப்பர் பால்வெட்டுக்காரர், சாது. "அவ கையில மருந்து கெடக்கு, நானே ஆக்கிடுறேன்" என்று அவர்தான் சோறாக்குவார். பிள்ளைகள் இல்லை.

நான் அப்போது செனாவாங்கில் ஒரு எலக்ட்ரானிக் பெக்டரியில் ஷிப்டு வேலை செய்துகொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். சம்பளத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். எங்கள் லயத்தில் மோட்டார் ஓட்டிய முதல் பெண் நான்தான். என் காது படவே பேசினார்கள். அக்கா மட்டும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கெழம எங்கயும் போயிறாத" என்றார்.

கேட்டார் என்று சொல்ல முடியாது. சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது, பல வருடம் ஓடியது.

விஷயம் ஆற்றுத் தண்ணீர். எங்கள் எஸ்டேட்டுக்கு ஆற்றிலிருந்துதான் பம்பு போட்டுத் தண்ணீர் எடுப்பார்கள். மேலே வேறொரு எஸ்டேட்டில் செம்பனை ஆலை ஒன்று வந்தது. மழை பெய்து ஆறு பெருகும் நாளாகப் பார்த்து ஆலைக் கழிவைத் திறந்துவிடுவார்கள். மழையோடு மழையாகப் போய்விடும் என்று கணக்கு. மறுநாள் குழாயில் காப்பி நிறத்தில் தண்ணீர் வரும். மேலே எண்ணெய் மிதக்கும், அழுகல் நாற்றம் அடிக்கும். பிள்ளைகளுக்குக் கை காலெல்லாம் சொறி. பெண்கள் ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனோம். எஸ்டேட் மேனேஜரான துரை போத்தலைப் பார்க்கக்கூட இல்லை. கணக்கெழுதும் கிராணியிடம் என்னவோ சொன்னார். கிராணி வெளியே வந்து, "அது நம்ம ஆல இல்ல. அங்க போயி கேட்டுக்கங்கன்னு தொர சொல்றாரு" என்றார்.

"தொர குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருதாம்?" என்று அக்கா கேட்டார். கிராணி கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆலை இருந்த எஸ்டேட்டுக்கு அக்கா தனியாகவே போயிருக்கிறார். அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. ஆலையில் பாய்லர் பார்க்கும் ஒருவரின் மனைவி, சரசு என்று பெயர், துணி காயப்போடுகிற மாதிரி பக்கத்தில் வந்து, "நாங்க பேசுனா வீடு போயிரும்க்கா. எம் புள்ளைக்கும் அதே சொறிதான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு வந்த கோபம் சரசு மேல் இல்லை. திரும்பி வந்து என்னிடம், "அவ பேச முடியாது, சரி. அப்ப அவளுக்கு யாரு பேசுறது?" என்று கேட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என்னை ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த கம்பத்துக்கு, மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, கூட்டிப்போனார். அதே ஆற்றுத் தண்ணீரில்தான் அவர்கள் நெல் போடுகிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆலைக்குப் போகலாம் என்பது அக்காவின் யோசனை. நான் பள்ளியில் மலாய் படித்தவள் என்பதால் பேச்சு என் தலையில். மாக்சிக் சைத்தோன் என்று ஒரு பெரியம்மா, வீட்டுப் படியில் உட்கார வைத்து கோப்பி கொடுத்தார். முழுவதும் கேட்டார். பிறகு அக்காவின் விரல்களைக் காட்டினார்.

"ஆலைத் தண்ணி கறுப்பு, நாங்களும் பாக்குறோம். ஆனா எங்க வயல்ல விரால் மீன் செத்தது அதுனால இல்ல. அது ஒங்க எஸ்டேட்டு ராச்சுன்" என்று மலாயில் சொன்னார். ராச்சுன் என்றால் விஷம். அதை அக்காவிடம் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது.

எங்கள் எஸ்டேட் ஸ்டோருக்குப் பின்னால் ஓடும் சிற்றோடையில்தான் மருந்து டாங்கிகளைக் கழுவுவார்கள். அக்காவும் வருடக்கணக்காக அங்கேதான் கழுவியிருக்கிறார். அந்த ஓடை போய் விழுவது இவர்கள் வயலில். அக்கா கோப்பியைக் கீழே வைத்தார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"நெசந்தான்" என்றார். "நான்தான் களுவுறேன். அங்கதான் களுவணும்னு மண்டோர் சொல்றான். நான் போயி வேற எடம் கேட்டா நாளைக்கு எனக்கு வேல இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்ககிட்டச் சொல்லு. எங்க தொரகிட்ட நீங்க கேளுங்க. ஆலக்காரன்கிட்ட நாங்க கேக்குறோம்" என்றார்.

மாக்சிக் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். அடுத்த வாரம் கம்பத்து ஆட்கள், ஆணும் பெண்ணுமாக, எங்கள் எஸ்டேட் ஆபீசுக்கு வந்து நின்றார்கள். அவர்களை வேலையை விட்டு நிறுத்த துரையால் முடியாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். ஸ்டோருக்குப் பின்னால் டாங்கி கழுவ சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள்.

நாங்கள் சந்தோஷப்பட்டோம். அக்கா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "நமக்கு ஒரு நாளாச்சும் நாக்காலி போட்ருக்கானா அந்த ஆளு?" என்றார்.

அன்றிலிருந்து அவர் வழி அதுதான். தனக்காகத் தான் வாய் திறக்க மாட்டார். அடுத்தவருக்காகத் திறந்த வாயை மூட மாட்டார். எங்கள் ஊர் ஆட்கள் ஆலை எஸ்டேட்டுக்குப் போய் நின்றோம். ஆலை எஸ்டேட் ஆட்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டியதும் இல்லை. என்றைக்குக் கழிவு திறக்கப்போகிறார்கள் என்பதைச் சரசு ரொட்டிக்காரரிடம் சொல்லிவிடுவார். மோட்டாரில் பெட்டி கட்டிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாக ரொட்டி விற்பவரை எந்தக் காவல்காரனும் நிறுத்த மாட்டான். அவர் வந்து அக்காவிடம் சொல்வார். நாங்கள் கம்பத்துக்குச் சொல்வோம். கம்பத்துப் பெரியவர் அரசாங்க அதிகாரியைக் கூட்டிக்கொண்டு சரியாக அந்த நேரத்தில் ஆற்றங்கரையில் நிற்பார். சரசு பெயர் எங்கேயும் வராது. அக்கா என்னிடம்கூட அவரைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை, "மேல் வீடு" என்பார்.

லாபு பக்கம் ஓர் எஸ்டேட்டில் மலையை மொட்டையடித்து, மழைக்கு மண் சரிந்து அவர்கள் கிணற்றில் இறங்கியது. அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனார். அவர்களுக்காக நாங்களும் கம்பத்து ஆட்களும் போய்ப் பேசினோம். பதிலுக்கு லாபுக்காரர்கள், அக்கா கண்ணில் மருந்து தெறித்து எஸ்டேட் மருந்தகத்து டிரெஸ்ஸர் சொட்டு மருந்து விட்டு அன்றைக்கே வேலைக்கு அனுப்பிய சமயத்தில், எங்கள் துரை முன்னால் வந்து நின்றார்கள். ஒற்றைக் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அக்கா தூரத்தில் நின்று பார்த்தார். நாங்கள் கூப்பிட்டும் வரவே இல்லை. "என்னயப் பத்தி நான் பேசுனா அது கெஞ்சுற மாதிரி" என்றார்.

ஒன்று சேர்ந்திருந்த அந்த ஊர்களின் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. தலைவர் கிடையாது. யாரிடம் லோரி இருக்கிறது, யாருக்கு மலாயில் பேச வரும், கைப்பிள்ளைக்காரி வெளியே போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கிராணி எங்களைக் "கோவக்காரிங்க சங்கம்" என்பார். ஆலையில் கடைசியில் கழிவைத் தேக்க வரிசையாகக் குளங்கள் வெட்டினார்கள். தண்ணீர் நிறம் மாறியது. பிள்ளைகளின் கால் சொறி ஆறியது.

பின்னாளில், எஸ்டேட்டை வீடு கட்ட விற்று எங்களையெல்லாம் கிளப்பிய பிறகு, அக்கா செனாவாங்கில் அடுக்குமாடி ஒன்றில் இருந்தார். அங்கேயும் இதே கதை. கீழ்மாடிக் கால்வாய் அடைத்தால் எதிர்மாடி ஆட்களை அனுப்பிக் கேட்கச் சொல்வார். எதிர்மாடிக்கு இவர் போவார். கடைசியில் நுரையீரல் போய் சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இளம் டாக்டர் ஒருவர் என்னிடம், "இந்தம்மா சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்டார். அக்கா என்ன வேலை செய்தார் என்று நான் சொன்னேன். டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எந்தக் கம்பெனியும் அதற்குப் பதில் சொன்னதில்லை. சொல்லச் சொல்லிக் கேட்கவும் அக்காவுக்கு அப்போது மூச்சு இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்த அநியாயம் அது இல்லை.

நாங்கள் எஸ்டேட்டில் இருந்த காலத்தில், ஆலையில் குளம் வெட்டிய செய்தி வெளியே பரவியதும் சிரம்பானிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். ஜவுளிக்கடைக்காரர், பல சங்கங்களில் பொறுப்பில் இருந்தவர். வெள்ளைச் சட்டையில் வந்து லயத்து வாசலில் நின்று, "நீங்கள்லாம் இவ்வளவு செஞ்சிருக்கீங்க, ஒங்களுக்கு ஒரு பக்கபலம் வேணாமா?" என்றார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஊர்களையெல்லாம் ஒரே அமைப்பாக்கி, பதிந்து, குழு போட்டு, அதிகாரிகளோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவதாகச் சொன்னார். எங்கள் ஆண்களுக்கு ஆசை வந்தது. செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் முளைத்தன. குழுவில் ஒரு பெண்கூட இல்லை. தலைவர் அவரே.

அக்கா ஒன்றை மட்டும் கேட்டார். "எங்கயாச்சும் கெட்ட தண்ணி வந்தா யாரு போயி பேசுறது?"

"அந்தந்த எஸ்டேட்டு ஆளுங்க எங்கிட்டச் சொல்லணும். நான் மேல பேசுவேன். அதுதாம்மா முறை."

"அப்ப யாரு சொன்னான்னு தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்னம்மா? நாம என்ன திருட்டா பண்றோம்?"

திருடாதவர்கள் பயப்படத் தேவையில்லாத இடத்தில் வாழ்ந்தவர் அந்தத் தலைவர். எங்கள் பயத்தை அவருக்கு எப்படிப் புரியவைப்பது.

தொடக்க விழா ஒரு மண்டபத்தில் நடந்தது. பேனர், தொப்பி, மரக்கன்று, எல்லாம் ஆலை நிர்வாகத்தின் அன்பளிப்பு. ஆற்றை நாறடித்தவர்களே ஆற்றைக் காப்போம் என்று அச்சடித்த தொப்பி கொடுத்தார்கள். முன்வரிசையில் ஆலை மேனேஜர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். தலைவர் பேசினார், கைதட்டல் வந்தது, இன்னும் பேசினார். பிறகு குரலை உயர்த்தி, ஒரு வீரப் பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன் என்றார். தன் உயிரைப் பணயம் வைத்து ஆலையின் ரகசியங்களை நமக்குச் சொன்ன சகோதரி என்றார். சரசுவின் பெயரைச் சொன்னார். கணவர் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

சரசுவின் மைத்துனன் குழுவில் இருந்தான். பெருமைக்காக அவன் உளறியிருக்கிறான். சரசுவுக்கு அன்று மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்றே தெரியாது. இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றினார்கள். மாலை விழுந்தது. படமெடுக்கும் வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். கைதட்டுகிறவர்களுக்கு அது கூச்சம் என்று தோன்றியிருக்கும். ஆலை மேனேஜரும் கைதட்டினார்.

அக்கா என் கையை இறுகப் பிடித்தார். "முடிஞ்சிச்சு" என்றார்.

மாதம் முடியவில்லை. சரசுவின் கணவருக்கு ஆட்குறைப்பு என்று சொல்லி வேலை போனது. ஆட்குறைப்பில் போனவர் அவர் ஒருவர்தான். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். பாத்திரம் பண்டத்தைத் தூக்கி ரோட்டில் வைத்தபோது ரொட்டிக்காரர்தான் ஓடி வந்து சேதி சொன்னார். நாங்கள் போய்ச் சேர்கையில் அந்த லயத்தில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவை எட்டி உதைக்கப் போனேன்.

"உடு" என்றார் அக்கா. "அவங்க வெளிய வந்தா நாளைக்கு அவங்க சட்டியும் ரோட்ல. நாம வந்துட்டோம்ல, தூக்கு."

லாபுவிலிருந்து லோரி வந்தது. மாக்சிக் சைத்தோன் தன் மகன் விட்டுப்போன சிறு வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார். பொழுது சாய்வதற்குள் சரசு குடும்பம் கம்பத்தில் அடுப்பு மூட்டியது. தலைவரின் அமைப்பில் பதவி வாங்கிய ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை.

மறுநாள் அக்கா மருந்தடித்துவிட்டு வந்த சட்டையோடு, குளிக்காமல், என் வண்டியில் ஏறினார். "சிரம்பானுக்கு விடு."

ஜவுளிக்கடையில் கூட்டமாக இருந்தது. தீபாவளி நெருங்கும் சமயம். அக்கா நேராக உள்ளே போய், சேலை பார்ப்பவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மருந்து வாடை கடை முழுக்கப் பரவியது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். தலைவர் எழுந்து ஓடி வந்தார்.

"என்னம்மா இது, சொல்லிட்டு வரக்கூடாதா?"

"சரசு இன்னிக்கி எங்க சோறாக்குறான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டேன். வருத்தமாத்தான் இருக்கு. நான் நல்லது நெனச்சுத்தானேம்மா கூப்புட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு மரியாத செய்யணும்னு..."

"அவ பேர நாங்க இத்தன வருசம் வாய்க்குள்ளயே வச்சிருந்தோம். நீங்க மைக்குல சொன்னீங்க. மரியாதயா?"

"பேசிப் பாக்கலாம்லா. அடுத்த கூட்டத்துல தீர்மானம் போடுவோம்."

"இப்ப வாங்க. மேனேஜர் ஒங்களுக்கு நாக்காலி போடுவான். வந்து அந்த நாக்காலியில ஒக்காந்து சரசு புருசனோட வேலயத் திருப்பிக் கேளுங்க."

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அக்கா அசையவில்லை. தலைவர் வியர்த்துப்போய்க் கார் சாவியை எடுத்தார். ஆலைக்குப் போனார், பேசினார். யோசிக்கிறோம் என்று மேனேஜர் சொன்னாராம். அந்த யோசனை இன்றுவரை முடியவில்லை. அடுத்த வாரம் தலைவர் சரசுவுக்கு ஒரு பட்டுச்சேலை கொடுத்தனுப்பினார். சரசு பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினார். குழுவின் போர்டு மண்டபச் சுவரில் கொஞ்ச காலம் தொங்கியது. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பழையபடி ஞாயிற்றுக்கிழமைகளில் பெயரில்லாமல் கூடினோம். சில ஊர்கள் பயந்துபோய் வருவதை நிறுத்தின. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேடை போட்டவர்களைச் சொல்வேன்.

மழைக்காலத்தில் ஆலைக் குளத்தின் கரை உடைந்து கழிவு முழுவதும் ஆற்றில் இறங்கியது. கம்பத்து வயல்கள் மூழ்கின. ஆலை வாசலில் போய் நின்றோம். அக்கா பேச வாயெடுத்தபோது சரசு முன்னால் வந்தார். இத்தனை வருடத்தில் அவர் குரலை உரக்கக் கேட்டது அன்றுதான். எந்தக் குளத்தில் கரை பலமில்லை, அதை யார் யாரிடம் சொன்னார்கள், யார் காதில் வாங்கவில்லை என்று மேனேஜரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். "இப்ப நான் ஒங்க வீட்டுல இல்ல. கம்பத்து வீட்டுல இருக்கேன். ஒங்களால என்னைய ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். மேனேஜர் உள்ளே போய்விட்டார். அன்று மாலையே கரையைக் கட்ட ஆட்கள் வந்தார்கள். வயல்களுக்கு ஆலை நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. சரசுவின் கணவருக்கு வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

திரும்பும்போது அக்கா என் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். "சரசக்கா எப்புடிப் பேசுனாங்க பாத்தீங்களா" என்றேன். கொஞ்ச தூரம் போனதும் என் முதுகில் ஓங்கி ஒரு குத்து விழுந்தது. வண்டி ஆட, ஓரமாக நிறுத்தினேன்.

"சந்தோசமா இருக்கா ஒனக்கு?" என்றார். "வீடு போனதுக்கப்பறந்தான் ஒருத்தி வாயத் தொறக்க முடியும்னா, இது என்னா பொழப்பு? நான் எதுக்கு இத்தன வருசம் ஊர் ஊரா அலஞ்சேன்? அவ வீட்டுல இருந்துக்கிட்டே தண்ணி கேக்கணும்னுதானே."

அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எங்களை உரசிக்கொண்டு ஆலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவர் சொன்னதுதான் உண்மை. அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மறுபடி தலையில் இறுக்கிக் கட்டினார்.

"லாபுவுக்குத் திருப்பு" என்றார். "கர ஒடஞ்சது அவங்களுக்குத் தெரியாது. அவங்க பக்கமும் ஒரு ஆல வருதாம்."